நிறம் போகிறது, உப்பு போகவில்லை

கண்ணாடித் தகட்டில் டைட்டானியம் டை ஆக்சைடை மிக மெல்லிய படலமாகப் பூசி, மெத்திலின் நீலம் கரைத்த நீரில் அமிழ்த்திப் புற ஊதா விளக்கைப் போட்டால், சில மணி நேரத்தில் நீலம் வெளுத்துவிடும். இந்தச் சோதனையை வைத்து எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளில் பல, சாயக்கழிவுக்கு இதுவே தீர்வு என்ற நம்பிக்கையோடு முடிகின்றன. அந்த நம்பிக்கையைத் திருப்பூரின் கழிவுநீரில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடிப்படை அறிவியலில் குறையில்லை. ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்சைடு நீரைப் பிளக்கும் என்று 1972இல் புஜிஷிமாவும் ஹோண்டாவும் வெளியிட்ட ஆய்வே இத்துறைக்கு வழி திறந்தது. ஒளி விழுந்ததும் எலக்ட்ரான் ஒன்று மேலெழுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடம் நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்குகிறது. சாய மூலக்கூறை உடைக்கும் வலிமை அதற்கு உண்டு. இதே பொருளைத் தூளாகக் கலந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். ஆனால் அந்த நுண்தூளை நீரிலிருந்து திரும்ப வடித்தெடுப்பது பெரும்பாடு. படலம் அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. பரப்பு குறைவதால் வேகம் குறைவது அதற்குத் தரும் விலை.

என் மறுப்பு சோதனைச் சாயத்தைப் பற்றியது. மெத்திலின் நீலம் நேர்மின் சுமை கொண்டது. பருத்திப் பின்னலாடைக்குப் பெரும்பாலும் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களோ சல்போனேட் தொகுதிகளால் எதிர்மின் சுமை கொண்டவை. அவை துணியில் பிடிக்கச் சோடாவைச் சேர்ப்பதால் சாயக் கரைசலின் பி.எச். 11ஐ ஒட்டியிருக்கும். அந்தக் காரத்தில் படலத்தின் மேற்பரப்பும் எதிர்மின் சுமை ஏற்கிறது. ஆய்வகச் சாயம் படலத்தைத் தேடி வந்து ஒட்டுகிறது. பட்டறைச் சாயத்தைப் படலமே தள்ளிவிடுகிறது. இதோடு, சாயம் ஏறுவதற்காகக் கொட்டிய உப்பும் காரத்துக்கான கார்பனேட்டும் தனி உறுப்புகளைத் தின்றுவிடுகின்றன. வடிகட்டிய நீரில் கிடைத்த வேகத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது.

வெயிலே போதும் என்பதும் பாதி உண்மைதான். அனடேஸ் வகைப் படலம் 387 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளத்தில்தான் விழித்தெழும். சூரிய ஆற்றலில் அந்தப் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம். அதனால் நைட்ரஜன் போன்றவற்றைக் கலந்து, கட்புலனாகும் ஒளியிலும் படலத்தை வேலை செய்ய வைக்கப் பார்க்கிறார்கள். ஆனால் மெத்திலின் நீலம் தானே அந்த ஒளியை உறிஞ்சி, படலத்துக்கு எலக்ட்ரானைக் கொடுத்து வெளுக்கும். ஆக்சிஜன் குறைந்தால் உடையாமலே நிறமற்ற வடிவத்துக்கு மாறும். காற்றுப் பட்டதும் நீலம் திரும்பும். வெளுத்ததை மட்டும் அளப்பவர் இவற்றையெல்லாம் படலத்தின் சாதனையாக எழுதிவிடக்கூடும். அசோ சாயங்களில் ஆபத்து இன்னும் கூடுதல். நிறம் போன பின்பும், பாதி உடைந்த நறுமண அமீன்கள் கண்ணுக்குத் தெரியாமல் நீரில் தங்கக்கூடும்.

இடக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 10 மில்லிகிராம் சாயமுள்ள 50 மில்லிலிட்டர் நீரை 20 சதுர செ.மீ. படலம் 3 மணி நேரத்தில் வெளுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 25 லிட்டர். நல்ல வெயில் 6 மணி நேரம் என்றால் 50 லிட்டர். நாளுக்கு 10 லட்சம் லிட்டருக்கு 20,000 சதுர மீட்டர், ஏறத்தாழ 5 ஏக்கர் படலம் வேண்டும். இது ஆய்வகத்தின் நீர்த்த, உப்பில்லாத கரைசலுக்கான கணக்கு. மழைநாளும் படலத்தில் படியும் அழுக்கும் இதில் சேரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு இருக்கிறது. நொய்யல் கரை விவசாயிகளின் கிணறுகளையும் ஒரத்துப்பாளையம் அணை நீரையும் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்கே பங்கு அதிகம். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு திருப்பூர் பெரும் செலவில் நம்பியிருப்பது எதிர்ச் சவ்வூடு பரவலையும் ஆவியாக்கிகளையும்தான். உப்பைப் பிரித்தெடுப்பவை அவையே. ஒளிப்படலம் ஒரு கிராம் உப்பையும் எடுக்காது.

ஆகவே முதன்மைச் சுத்திகரிப்பாக இதை ஏற்க முடியாது. கடைசி அலசல் நீருக்கு மட்டும் இடம் தரலாம். அதில் சாயமும் உப்பும் சோடாவும் குறைவு. அதைச் சாயத்தொட்டிக் கழிவோடு கலக்காமல் தனியே பிரித்து, ஆழமில்லாத தட்டுகளில் படலத்தின்மேல் ஓடவிட்டால் மீண்டும் அலசலுக்கே பயன்படக்கூடும். அதற்கும் பட்டறையின் ரியாக்டிவ் சாயத்தோடு, எஞ்சிய மொத்தக் கரிமக் கார்பனை அளந்து, இருளில் வைத்த ஒப்புச் சோதனையையும் சேர்த்து, ஒரே படலத்தை மாதக்கணக்கில் ஓட்டிய தரவு வேண்டும். அந்தத் தரவோடு வரும் ஆய்வுக்குப் பட்டறைக்காரர் கூரையில் இடம் கொடுக்கலாம். மெத்திலின் நீல வரைபடத்தை மட்டும் காட்டுபவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.