ஓரெழுத்துச் சான்றும் இருவகை வன்முறையும்

1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்கீழ் நெடுங்காலம் ‘யு’, ‘ஏ’ என்னும் இரு சான்றுகளே பொதுப் படங்களுக்கு வழங்கப்பட்டன. 1983இல் ‘யு/ஏ’ சேர்ந்தது. 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதனை 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாகப் பிரித்தது. அளவுகோல் நுண்மையடைந்துள்ளது உண்மையே. ஆயினும் அது எதனை அளக்கிறது என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதற் பாகமும் (2023), லோகேஷ் கனகராஜின் ‘கூலி’யும் (2025) ‘ஏ’ சான்றே பெற்றன. ‘கூலி’யின் தயாரிப்பு நிறுவனம் ‘யு/ஏ’ வேண்டிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது; 2025 ஆகஸ்டில் அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று. அத்தீர்ப்பில் நாம் குறை காணவில்லை. எனினும் இவ்விரு படங்களின் வன்முறையும் ஒன்றன்று. முன்னதில் காவல் முகாமில் சிற்றூர்ப் பெண்கள் ஆடை களையப்பட்டு வதைக்கப்படுகையில், நாம் வதையுறுவோர் பக்கம் நிறுத்தப்படுகிறோம். பின்னதில் வன்முறை நாயகனின் புகழுக்கு ஏணியாகிறது. அடிபட்டு வீழ்வோர் பலருக்கு முகமே இல்லை.

வன்செயலைப் போற்றலாகாது என்றும், படத்தை அதன் முழுத் தாக்கத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்றும் 1991ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளே கூறுகின்றன. ஆனால் அம்மதிப்பீட்டைப் பெற்றோருக்கு எடுத்துரைக்க ஓரெழுத்தால் இயலாது. குருதியையும் வசைமொழியையும் ஆடைக்குறைவையும் எண்ணிவிடலாம். கதை யார் பக்கம் நிற்கிறது என்பதை எண்ணிக் காட்ட முடியாது.

நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தில் லேவியனின் மறுமனையாட்டிக்கு நேர்ந்ததைத் திரையில் காட்டச் சிறுவர்க்கென எக்குழு இசையும்? ஆயினும் திருமறை அதனைக் கேட்போர் களிக்கவன்று, கலங்கி நியாயம் பேசவே எழுதி வைத்தது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிச் சபைகளில் தோல் பதனிடும் தொழிலாலும் காலணித் தொழிலாலும் வாழும் குடும்பங்கள் பல. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோற்கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர் மாண்டனர். அக்கொடுமையில் வாளுமில்லை, வசைச்சொல்லுமில்லை. அதற்கென எச்சான்றிலும் இடமில்லை. குருதி தெறிப்பதே வன்முறை என்று திரையரங்கில் பயின்ற இளைஞன், தன் ஊரில் நிகழும் இதனை விபத்து என்றே கடந்து செல்வான்.

ஆகவே ஆயர்கள் சான்றெழுத்தைச் சுட்டிக்காட்டுவதோடு அமைதல் போதாது. இப்படம் யாருடைய வலியை நம்மை உணரச் செய்தது, யாருடைய சாவுக்கு நாம் கைதட்டினோம் என்று வயதுவந்த இளைஞரோடு அமர்ந்து வினவ வேண்டும். இவ்வினாவை எழுப்பும் பொறுப்பைத் திருச்சபை தணிக்கைக் குழுவிடம் ஒப்படைத்துவிட இயலாது.