ஸ்வீட் ஹோமில் அச்சமும் மீளா இழப்பும்

அச்சம் என்னும் மெய்ப்பாடு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கன்கண் தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. வேலம்பாளையத்துப் பனியன் தொழிலாளர் வீட்டு மாணவர் சிலர், 'ஸ்வீட் ஹோம்' என்னும் பழைய ஜப்பானியக் கணினி விளையாட்டை நமக்குக் காட்டி, இதன் அச்சம் அணங்கின்பாற்படும் என்றனர். அக்கூற்று பாதியே பொருந்தும்.

'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்னும் வீட்டுக் கருவிக்காகக் காப்காம் நிறுவனம் 1989-இல் இதனை வெளியிட்டது. கியோஷி குரோசாவா இயக்கிய அதே பெயர்த் திரைப்படம் இதற்கு மூலம். 1996-இல் தோன்றிய 'ரெசிடெண்ட் ஈவில்' இதன் வழிவந்ததே. ஓவியர் மாமியாவின் பாழ்மனைக்குள் சுவரோவியங்களை நாடி ஐவர் புகுகின்றனர். அவர் மனைவியின் ஆவி அவர்களை உள்ளே அடைத்துவிடுகிறது. (மாமியா என்ற பெயர் கேட்டு மாணவர் நகைத்தனர், நாமும் நகைத்தோம்.)

ஐவரிடமும் தீமூட்டி, மருந்துப் பெட்டி, ஒளிப்படக் கருவி, தூசுறிஞ்சி, திறவுகோல் என ஒவ்வொரு கருவி உண்டு. இறந்தவர் மீண்டும் எழார். அவர் கருவிக்கு ஈடான பொருள் மனைக்குள் கிடைக்கும். ஆனால் அதனை எஞ்சியோர் தம் சிறு சுமையிடத்தில் தாங்குதல் வேண்டும். முன்பு பதிந்து வைத்த நிலைக்குத் திரும்பலாமே எனின், இழப்புக்குப் பின் பதிந்தவர்க்கு அவ்வழியும் இல்லை. கொங்கு நாட்டு அண்ணன்மார் வழிபாட்டிலோ, படுகளத்தில் வீழ்ந்தோர் எழுப்பப்படுவர். காண்போர் அச்சம் ஆண்டுத் தணிவு பெறும். ஈண்டு அத்தணிவு இல்லை.

ஆவியின் வரலாறும் இதனோடு இயைகின்றது. தன் மகவு உலைத்தீயில் வீழ்ந்து இறந்தது பொறாத அத்தாய், அதற்குத் துணையாகப் பிறர் மக்களையும் எரித்தாள். இழந்ததற்கு ஈடு தேடியதே அவள் கொடுமைக்கு வேர். ஆடுவோனும் இறந்த தோழர்க்கு ஈடாகப் பொருள் தேடியே மனையைச் சுற்றுகிறான். பேயுருக்களைக் கண்டு எழும் நடுக்கம் சில நொடிகளில் ஒழியும். இவ்வொப்புமை உணரப்பட்டபின் எழுவதே இவ்விளையாட்டின் தனி அச்சம் எனலாம். அதனைத் தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் எதன்கண் அடக்குவது என்பது ஆராய்தற்குரியது. இழவினை அவர் அழுகைக்கன்றோ நிலைக்களனாக வைத்தார்?

முடிவும் ஐவருள் எத்துணையர் எஞ்சினர் என்பதற்கேற்ப வேறுபடும். இருவரே எஞ்ச ஆடிமுடித்த மாணவி ஒருவர், மீண்டும் தொடங்க மனமின்றிக் கருவியைத் தோழியிடம் தந்துவிட்டார்.