30 அங்குலமும் 15 அங்குலமும்

1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 300எஃப் என்ற காரை இரண்டு விதமான எஞ்சினோடு விற்றது. இரண்டும் 413 கன அங்குல வி8 எஞ்சின்கள்தான். வழக்கமானது 5000 ஆர்பிஎம்மில் 375 குதிரைத்திறன் தந்தது. மிகச் சிலருக்கே கிடைத்த சிறப்பு எஞ்சின் 5200-இல் 400 தந்தது. பவரை மட்டும் பார்க்கிறவர் எதைக் கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. டார்க் கணக்கோ நேர்மாறு: 375 குதிரைத்திறன் எஞ்சின் 2800 ஆர்பிஎம்மிலேயே ஏறக்குறைய 671 நியூட்டன் மீட்டர் தந்தது, 400 குதிரைத்திறன் எஞ்சினோ 3600 வரை சுழன்ற பிறகும் 630-ஐத்தான் எட்டியது.

இந்த இரண்டின் இன்டேக் மானிஃபோல்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். எஞ்சினுக்குக் குறுக்கே நீண்டு, ஒரு பக்கத்துக் கார்புரேட்டரிலிருந்து எதிர்ப் பக்கத்து சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் கொண்டுபோகும் வார்ப்புக் குழாய்கள் அவை. வித்தியாசம் உள்ளே. வழக்கமானதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் 30 அங்குல நீளத்துக்குத் தனிக் குழாய். சிறப்பு எஞ்சினில் குழாய்களைப் பிரிக்கும் உட்சுவரைப் பாதியோடு நிறுத்திவிட்டார்கள்; தனிக் குழாயின் நீளம் 15 அங்குலமாகிவிட்டது. கேம்ஷாஃப்ட் முதலியவையும் மாறியதால் வித்தியாசம் முழுவதையும் மானிஃபோல்டின் பேரில் எழுத முடியாது. ஆனால் இரண்டு உச்சங்களும் எந்தத் திசையில் நகர்ந்தனவோ, அது குழாயைக் குறைத்தால் நகரவேண்டிய திசையேதான்.

காரணம் இது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சல், குழாயில் ஓர் அழுத்தக் குறைவு அலையாக மேலே ஓடுகிறது. குழாய் திறந்து விரியும் இடத்தை அடைந்ததும் அது அழுத்த மிகுதி அலையாக மாறித் திரும்புகிறது. இன்டேக் வால்வு மூடுவதற்குச் சற்று முன்னால் அந்த அலை வந்து சேர்ந்தால், சிலிண்டருக்குள் கூடுதல் காற்று திணிக்கப்படும். முன்னதாகவோ பின்னதாகவோ வந்தால் அந்த உதவி இல்லை. சில வேகங்களில் அது எதிராகவே வேலை செய்யும். ஒலியின் வேகத்தில் ஓடும் அலை 30 அங்குலம் போய்த் திரும்ப ஏறக்குறைய 4.5 மில்லிசெகண்டு ஆகும். எஞ்சின் வேகம் கூடக்கூட வால்வு திறந்திருக்கும் நேரம் குறைகிறது. அலைக்கு வேண்டிய நேரமோ குறைவதில்லை. ஆகவே அதிக ஆர்பிஎம்முக்குக் குட்டைக் குழாய், குறைந்த ஆர்பிஎம்முக்கு நெட்டைக் குழாய். விட்டமும் அப்படித்தான். குறுகலான குழாயில் காற்று வேகமாகப் பாய்வதால் மெதுவான ஓட்டத்திலும் சிலிண்டர் நன்றாக நிரம்பும்; வேகம் ஏறினால் அதே குறுகல் காற்றைத் தடுக்கும்.

குதிரைத்திறன் என்பது டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கி வருவது. இதை மறப்பதால்தான் மானிஃபோல்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தடம் மாறுகிறது. டார்க் கொஞ்சம் குறைந்தாலும் அது மேல் வேகத்தில் நிலைத்து நின்றால் பெருக்குத்தொகை பெரிதாகும். சிறப்பு எஞ்சினுக்கு நடந்தது அதுதான். ஆனால் பெரிய காரில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே ஒரு லாரியை முந்துகிறவர் 5200 ஆர்பிஎம்மில் இல்லை. 2500-க்கும் 3500-க்கும் நடுவில் இருக்கிறார். அவருக்கு 30 அங்குலக் குழாயே உண்மையான நண்பன். கிரைஸ்லர் பொறியாளர்கள் இதைத் தெரிந்துகொண்டு நெட்டைக் குழாயையே வழக்கமான எஞ்சினில் வைத்தது, அந்தக் காலத்தின் நேர்மையான வடிவமைப்பு முடிவுகளில் ஒன்று என்பது என் கருத்து. குறைகளும் இருந்தன. அத்தனை நீளத்தைக் கடக்கும் பெட்ரோல், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் மேல் இத்தனை பெரிய வார்ப்பு படுத்திருந்தால் வால்வு கவரைக் கழற்றுவதும் சிரமம்.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வந்தபோது முதல் குறை தீர்ந்தது. பெட்ரோல் வால்வுக்கு அருகிலேயே தெளிக்கப்பட்டது, நீளக் குழாயில் காற்று மட்டும் போனது. 1985 கார்வெட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த டியூன்டு போர்ட் இன்ஜெக்ஷன் இந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டது. 1984-இன் எஞ்சின் 205 குதிரைத்திறன் தந்த இடத்தில் இது 230 தந்தது. டார்க் 3200 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய 447 நியூட்டன் மீட்டர். நகரத்தில் ஓட்டுகிறவருக்கு இது பெரும் பேறு. ஆனால் உச்ச பவர் 4000 ஆர்பிஎம்மிலேயே முடிந்துவிட்டது. 5 லிட்டர் எஞ்சினுக்கும் 5.7 லிட்டர் எஞ்சினுக்கும் ஒரே மாதிரிக் குழாய்களைப் பொருத்தியதை நான் உண்மையான தவறாகவே பார்க்கிறேன். பெரிய எஞ்சின் மேல் வேகத்தில் மூச்சுத் திணறியது. 1992-இல் வந்த எல்டி1 எஞ்சினில் குழாய்கள் குட்டையாயின. டார்க் அதே 447, ஆனால் 4000 ஆர்பிஎம்மில். பவர் 5000-இல் 300. புதிய சிலிண்டர் ஹெட்டுக்கும் கேம்ஷாஃப்டுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. ஹெட்டும் கேமும் நன்றாக அமைந்தால் குழாயைக் குறைத்த பிறகும் டார்க்கை இழக்காமல் இருக்கலாம் என்பதை எல்டி1 காட்டியது. ஹெட்டைத் தொடாமல் மானிஃபோல்டை மட்டும் மாற்றுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

நான் கடுமையாக எதிர்ப்பது அந்த வழக்கத்தைத்தான்: தெருவில் ஓடும் காருக்கு, உச்ச பவரை மட்டும் பார்த்துப் பந்தய மானிஃபோல்டை வாங்குவது. வி8 எஞ்சினுக்கான சந்தையில் இரண்டு வகை பிரபலம். டூயல் பிளேன் வகையில் நான்கு நான்கு சிலிண்டர்களாகப் பிரித்துத் தனித்தனிக் காற்றறை. ஒரு சிலிண்டரின் உறிஞ்சலை அடுத்தது கெடுக்காது, குழாய்களும் வளைந்து நீளமாகும். சிங்கிள் பிளேனில் எல்லாவற்றுக்கும் ஒரே அறை, நேரான குட்டைக் குழாய்கள். எடெல்பிராக் நிறுவனம் தன் டூயல் பிளேன் பெர்ஃபார்மர் மானிஃபோல்டுக்கு ஐடிலிலிருந்து 5500 ஆர்பிஎம் வரை என்றும், சிங்கிள் பிளேன் விக்டர் ஜூனியருக்கு 3500-இலிருந்து 8000 வரை என்றும் வெளிப்படையாகவே அச்சிடுகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு 2200 ஆர்பிஎம்மில் நாளெல்லாம் ஓடும் காரில் இரண்டாவதைப் பொருத்தினால், அதன் எல்லை தொடங்கும் இடத்துக்கே கார் அபூர்வமாகத்தான் போகும். கிடைப்பது சிக்னலில் மந்தமான கிளம்பலும் கூடுதல் பெட்ரோல் செலவும். சோதனை வரைபடங்கள் பலவும் 3000 ஆர்பிஎம்மில் தொடங்குவதால் இழப்பு கண்ணில் படுவதே இல்லை. பந்தயத் தடத்தில் அதே மானிஃபோல்டு மிகச் சரியான கருவி. 5000-க்குக் கீழே இறங்காத எஞ்சினுக்கு டூயல் பிளேன் வெறும் தடைதான்.

நெட்டைக் குழாயின் பலன், குட்டைக் குழாயின் பலன் இரண்டையும் ஒரே எஞ்சினில் பெற முயன்றவர்கள் உண்டு. 1989 ஃபோர்டு டாரஸ் எஸ்ஹெச்ஓ காரின் யமஹா வி6 எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நெட்டை, குட்டை என இரண்டு குழாய்கள். வேகம் ஏறும்போது குட்டைக் குழாயின் தடுப்பு வால்வு திறக்கும். 1991-இல் லெ மான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி, குழாய் நீளத்தைத் தொடர்ச்சியாக மாற்றியது. 2001-இல் பிஎம்டபிள்யூ 745ஐ அதையே சாலைக் காருக்குக் கொண்டுவந்தது: 4.4 லிட்டரில் 3600 ஆர்பிஎம்மில் 450 நியூட்டன் மீட்டர், 333 குதிரைத்திறன். தத்துவப்படி இதைவிடச் சிறந்த விடை இல்லை. நடைமுறையில் அசையும் பாகங்கள், மோட்டார், சீல் எல்லாம் எஞ்சினின் சூட்டுக்கு நடுவே பல ஆண்டுகள் பழுதின்றி இருக்க வேண்டும், விலையும் ஏறும். அந்நிறுவனமே 2008-இல் அதன் இடத்துக்கு வேறொரு 4.4 லிட்டர் வி8 எஞ்சினைக் கொண்டுவந்தபோது நீளம் மாறும் குழாயைக் கைவிட்டது. இரண்டு டர்போக்கள் காற்றை அழுத்தித் தள்ளியதில் 1750 ஆர்பிஎம்மிலேயே 600 நியூட்டன் மீட்டர் கிடைத்துவிட்டது.