கதை நுழையாத வீடு

என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். “உங்கள் கதாநாயகன் ஆசாரத்தை விட்டு வெளியேறுகிறான், சரி, அது அவன் இஷ்டம். ஆனால் அவன் வெளியேறுவதற்கு அப்படி ஒரு ராட்சஸத் தகப்பன் தேவைதானா?” என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. உண்மையில் வலிக்கிற இடத்தைத் தொட்டுவிட்ட கேள்விகளுக்கு எந்த ஆசிரியனுக்கும் பேனா ஓடாது. அதற்குப் பதிலாக அலமாரியிலிருந்து எட்மண்ட் காஸ் எழுதிய ‘தந்தையும் மகனும்’ என்ற ஆங்கில நூலை எடுத்து இன்னொரு தரம் படித்தேன்.

துர்கனேவின் ரஷ்ய நாவலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. அது 1862-ல் வந்தது, நாவல். இது 1907-ல், ஆசிரியர் பெயரே போடாமல் லண்டனில் வெளிவந்த சுயசரிதை. ஆனால் நாவல் எழுதுகிறவர்கள் படிக்கவேண்டிய சுயசரிதை. கண்டிப்பான ஒரு மதத்துக்குள் பிறந்து, வளர்ந்து, அதைவிட்டு விலகிப்போன ஒரு மனிதனின் கதையை இதைவிடக் குறைந்த சத்தத்தில் சொன்ன புஸ்தகம் எதையும் நான் படித்ததில்லை.

தகப்பனார் ஃபிலிப் ஹென்றி காஸ் சாதாரண மனிதர் அல்ல. கடல்வாழ் பிராணிகளை ஆராய்ந்து பேர் பெற்றவர். 1856-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானவர். கடல் ஜந்துக்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துப் பார்க்கிற ஆசையை இங்கிலாந்தின் வீடுகளுக்குள் கொண்டுவந்ததில் அவருடைய புஸ்தகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே மனிதர் பிளிமத் சகோதரர்கள் என்ற கடுமையான கிறிஸ்தவக் கூட்டத்தைச் சேர்ந்தவர். குருமார் கிடையாது, சடங்கு கிடையாது, பண்டிகை கிடையாது. வேதாகமத்தின் ஒவ்வோர் எழுத்தும் சத்தியம். ஆண்டவர் எந்த நிமிஷமும் திரும்பி வரலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்தக் கூட்டத்தின் ஆரம்ப கர்த்தாக்களில் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் அந்நாளைய சென்னை ராஜதானியில் சித்தூரில் வந்து தங்கி ஊழியம் செய்தவர். ஆகவே நமக்கும் இவர்கள் முற்றிலும் அந்நியர்கள் அல்ல.

1849-ல் மகன் பிறந்த அன்று தகப்பனார் தம் நாட்குறிப்பில் இரண்டு செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்து வைத்தாராம்: ஆண் குழந்தை பிறந்தது, ஜமெய்க்காவிலிருந்து பச்சைத் தகைவிலான் ஒன்று வந்து சேர்ந்தது. காஸ் இதை எடுத்துச் சொல்லும்போது தகப்பனாரைக் கேலி செய்யவில்லை. இரண்டையும் வந்த வரிசையில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான் என்கிறார். அந்தத் தொனியிலேயே புஸ்தகம் முழுவதும் போகிறது.

தாயாரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். அவள் சிறு பெண்ணாக இருந்தபோது தானே கதைகள் கட்டித் தம்பிகளுக்குச் சொல்லுவாளாம். வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு மாது, நடக்காததை நடந்ததாகச் சொல்வது பொய், பொய் பாவம் என்று சொல்லிவிட்டாள். அன்றோடு அந்தப் பெண் கதையை விட்டாள். ஆசையை அடக்கிக்கொண்டாளே ஒழிய அது சாகவில்லை. வயதான பிறகும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அவள் குடும்பம் நடத்திய வீட்டில் குழந்தைக்குக் கதை என்பதே கிடையாது. தேன்சிட்டுகளைப் பற்றித் தெரிந்த பையனுக்கு தேவதைகளைப் பற்றித் தெரியாது. கடற்கொள்ளைக்காரனைப் பற்றி, பேசும் நரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

புஸ்தகத்தில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இந்த வீட்டில்தான் வருகிறது. மச்சில் ஒரு பழைய தோல்பெட்டி கிடக்கிறது. அதன் மூடிக்கு உட்புறம் அச்சிட்ட காகிதங்களை ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் காகிதங்கள் ஏதோ ஒரு மலிவான பரபரப்பு நாவலின் பக்கங்கள். பையன் வெறும் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து அதைப் படிக்கிறான். யாரோ ஒரு சீமாட்டி, அவளைத் துரத்தும் பகைவர்கள், ஆபத்து என்று கதை போகிறது. ஒரு வாக்கியத்தின் நடுவில் காகிதம் கிழிந்திருக்கிறது, மேலே இல்லை. வேடிக்கை என்னவென்றால், கற்பனைக் கதை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அச்சில் இருப்பதெல்லாம் நடந்தது என்றுதான் நினைக்கிறான். அந்தச் சீமாட்டிக்கு அப்புறம் என்ன ஆயிற்றோ என்று நிஜமாகவே பயப்படுகிறான். தொடர்கதை படித்துவிட்டு அடுத்த இதழுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்தப் பையனின் அவஸ்தை புரியும். ஆனால் நமக்கு அடுத்த இதழ் வரும். அவனுக்கு வராது.

விடுதலை என்றதும் நாம் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு வெளியேறுகிற மனிதனைத்தான் நினைக்கிறோம். நானும் என் நாவலில் அப்படித்தான் எழுதினேன். காஸின் கணக்கு வேறு. அவருக்கு விடுதலை ஆறேழு வயதிலேயே ஆரம்பித்துவிட்டது, அவருக்கே தெரியாமல். தோட்டத்துக் குழாயில் வேலை செய்ய வந்தவர்கள் சாமான்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். பையன் ஒன்றை எடுத்துக் குழாயில் ஓட்டை போட்டுவிடுகிறான். பிறகு தண்ணீர் பீச்சியடிக்கிறபோது தகப்பனார் வேலைக்காரர்கள்மேல் பழி போடுகிறார். அவருக்கு உண்மை தெரியவில்லை! அதுவரை அப்பாவும் கடவுளும் அவனுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இருவருக்கும் எல்லாம் தெரியும். இப்போது அப்பாவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ரகசியம் தெரிந்த இன்னொருவன் தன் உடம்புக்குள்ளேயே இருக்கிறான், அவனோடு தான் பேசிக்கொள்ளலாம் என்று குழந்தை கண்டுபிடிக்கிறது. ஒரு மதத்தை விட்டு விலகுவதன் முதல் படியாக இதைப் போட்டிருக்கிறாரே, அங்கேதான் காஸ் கலைஞர். சந்தேகம் அறிவிலிருந்து வரவில்லை, தனிமையிலிருந்து வருகிறது.

அப்புறம் நாற்காலி. விக்கிரக ஆராதனை செய்தால் ஆண்டவர் கோபம் இறங்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பையன் சோதித்துப் பார்க்கிறான். ஒரு சின்ன நாற்காலியை மேஜைமேல் தூக்கி வைத்து, அதைப் பேர் சொல்லி அழைத்துப் பிரார்த்தனை செய்துவிட்டு, நெஞ்சு அடித்துக்கொள்ளக் காத்திருக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. கடவுள் இல்லை என்று அவன் முடிவு கட்டவில்லை. கடவுளுடைய மனசு அப்பாவுக்கு முழுக்கத் தெரியாது என்று மட்டும் முடிவு கட்டுகிறான். நம் ஊர்க் குழந்தை ஒன்று நேர் எதிராக, சாமி படத்துக்கு முன் நின்று நாக்கைத் துருத்திப் பார்த்திருக்கும், பரீட்சை ஒன்றுதான்.

தாயார் 1857-ல் மார்புப் புற்றுநோயால் காலமானாள். சாகும்போது குழந்தையைக் கடவுள் பணிக்கென்று ஒப்படைத்துவிட்டுப் போனாள். அந்த வருஷமே தகப்பனார் ‘ஓம்ஃபலோஸ்’ என்ற புஸ்தகத்தை வெளியிட்டார். கிரேக்க மொழியில் தொப்புள் என்று அர்த்தம். ஆதாம் யாருக்கும் பிறந்தவன் அல்ல. ஆனாலும் அவனுக்குத் தொப்புள் இருந்திருக்கும். அதேபோல் பூமியும், பல லட்சம் வருஷங்கள் கடந்துவிட்டதைப் போன்ற அடையாளங்களோடு, பாறைக்குள் கல்லாய்ப்போன எலும்புகளோடு, ஒரே கணத்தில் சிருஷ்டிக்கப்பட்டது என்பது வாதம். விஞ்ஞானத்தையும் வேதத்தையும் ஒரே மூச்சில் காப்பாற்றிவிட்டதாக அவர் நினைத்தார். விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை, பக்தர்களும் ஏற்கவில்லை. இரண்டு வருஷத்தில் டார்வினின் நூல் வந்துவிட்டது. இந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது மகன்மேல் அல்ல, தகப்பனார்மேல்தான் எனக்குப் பரிதாபம் உண்டாயிற்று. கண்ணால் பார்த்ததை மறுக்கத் தெரியாத, நம்பியதை விடவும் தெரியாத மனிதர். அவர் போலி அல்ல. போலியாக இருந்திருந்தால் மகனுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

டெவன் கடற்கரைக்குக் குடிபோன பிறகு ஒரு கிறிஸ்துமஸ் அன்று வேலைக்காரப் பெண்கள் ரகசியமாகச் செய்த இனிப்புக் களியில் ஒரு துண்டைப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பண்டிகைப் பலகாரம் விக்கிரகத்துக்குப் படைத்ததற்குச் சமம். பையனுக்கு வயிற்றுவலி, மனசாட்சி வலி இரண்டும் சேர்ந்து வர, அப்பாவிடம் ஓடிப்போய் ஒப்புக்கொண்டான். அவர் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் குப்பையில் புதைத்தார். பத்து வயதில் பெரியவர்களுக்குச் சமானமாக அவனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. அதற்குப் பிறகு, தான் பரிசுத்தவான் என்பதைக் காட்டிக்கொள்ள, சபை கூடியிருக்கையில் மற்றப் பையன்களைப் பார்த்து நாக்கை நீட்டினானாம். பக்தி நூல் எழுதுகிறவனும் இந்த வரியை விட்டுவிடுவான்; பக்தியைத் திட்டி எழுதுகிறவனும் விட்டுவிடுவான்.

நம்பிக்கை உடைகிற இடத்தையும் அவர் பெரிது பண்ணவில்லை. பள்ளிக்கூட விடுதியில் ஒரு கோடை மாலை. ஜன்னலருகே தனியாக இருக்கிறான். வானம் ஜொலிக்கிறது. இதோ, இந்தக் கணத்தில் ஆண்டவர் வரப்போகிறார், என்னை அழைத்துக்கொள்ளட்டும் என்று உருகிப் பிரார்த்திக்கிறான். வெளிச்சம் மங்குகிறது. பையன்கள் விளையாடிவிட்டுத் திரும்பி வருகிற சத்தம். தேநீருக்கு மணி அடிக்கிறது. வரவில்லை, இனி வரவும் மாட்டார் என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. சாப்பிடப் போகிறான். அவ்வளவுதான்.

ஜன்னல்களைத் திறந்துவிட்டவரும் தகப்பனார்தான் என்பது இந்த நூலின் பெரிய முரண். லத்தீன் பாடத்தின் நடுவே வெர்ஜிலை வாய்விட்டுச் சொல்லிக் காட்டியவர் அவர்; அர்த்தம் புரியாமலே அந்த ஓசையில் பையன் மயங்கிப்போனான். ஜமெய்க்காவைப் பற்றிய வர்ணனைக்காக ‘டாம் கிரிங்கிளின் குறிப்பேடு’ என்ற கடல் நாவலைக் கையில் கொடுத்தவரும் அவர். நாவல்களில் வால்டர் ஸ்காட் கூடாது, டிக்கன்ஸ் கூடும் என்று தீர்ப்புச் சொன்னார். காரணம்? டிக்கன்ஸ் காதலைக் கேலிக்குரியதாகக் காட்டுகிறாராம்! இலக்கிய விமரிசனத்தில் எத்தனையோ விசித்திரமான அளவுகோல்களைப் பார்த்திருக்கிறேன். இது அவற்றில் மோசமானது என்று சொல்ல மாட்டேன். பையன் ‘பிக்விக்’ படித்து விழுந்து விழுந்து சிரித்தான்.

1867-ல், பதினேழு வயதில், பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலைக்காக லண்டன் போகிறான். கடிதங்கள் துரத்துகின்றன. ஆண்டவரோடு நடக்கிறாயா, ஜபம் செய்தாயா, யாரோடு பழகுகிறாய்? காலைப் பலகாரத்தோடு கடிதமும் மேஜைமேல் காத்திருக்கும். விடுமுறைக்கு வீடு வந்தபோது, தகப்பனார் வளர்த்த ஆர்க்கிட் செடிகளுக்கு நடுவே, கண்ணாடி வீட்டில், அதே கேள்விகள் மறுபடியும். மகன் பொறுக்க முடியாமல் வெடித்துவிட்டு ஓடிவிடுகிறான். பின்னாலேயே ஒரு நீண்ட கடிதம் வருகிறது. கடைசிப் பக்கங்களில் அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார் காஸ். எதிர்க்கட்சிக்குக் கடைசி வார்த்தையைக் கொடுத்துவிடுகிறார். கோபம், பாசம், பயம் எல்லாம் கலந்த கடிதம். தகப்பனாரின் உயரம் தெரிகிற கடிதம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு குற்றமும் சொல்லவேண்டும். இது சரித்திர சாட்சியம், எல்லாம் நடந்தபடியே என்று முன்னுரையில் காஸ் அடித்துச் சொல்லுகிறார். தகவல் துல்லியத்துக்குப் பேர்போனவர் அல்ல அவர். 1886-லேயே அவருடைய இலக்கிய சரித்திரப் பிழைகளைச் சர்ட்டன் காலின்ஸ் என்ற விமரிசகர் கிழித்துத் தோரணம் கட்டினார். பிற்காலத்தில் ஆன் த்வைட் இருவருக்கும் தனித்தனியே வாழ்க்கை வரலாறு எழுதினார். மகனுடையது 1984-ல், தகப்பனாருடையது 2002-ல். ‘தந்தையும் மகனும்’ காட்டுகிற இருண்ட வீட்டைவிட நிஜ வீட்டில் வெளிச்சமும் சிரிப்பும் அதிகம் என்று அவற்றிலிருந்து தெரிகிறது. அந்தத் தகப்பனார் நூலில் இருப்பவரைவிடக் கனிந்தவர்.

இதைப் படித்தபோது காஸின்மேல் கல்லெறிய எனக்குக் கை வரவில்லை. பதினாறு வயதில் நான் ஒளித்துப் படித்த நாவலை என் அப்பா பிடுங்கிப் பரண்மேல் போட்டார். என் நாவலில் அதை அடுப்பில் போட்டதாக எழுதினேன். எரிகிற புஸ்தகம் கதைக்கு நன்றாக இருந்தது. அவர் காலமான பிறகு பரணை ஒழித்தபோது அந்த நாவல் கிடைத்தது. செல்லரிக்காமல் இருக்கப் பக்கங்களுக்கு நடுவே வேப்பிலை வைத்திருந்தார். அவரும் படித்தாரோ என்னவோ. என் வாசகருக்குப் பேனா ஓடாததற்கு இதுதான் காரணம்.

வெளியே வந்த காஸ் என்ன ஆனார் என்பதும் விஷயத்தோடு சேர்ந்ததுதான். பிரபுக்கள் சபையின் நூலகராக இருந்தார். ‘ஸர்’ பட்டம் பெற்றார். பெரிய மனிதர்களின் விருந்துகளில் தவறாமல் இருந்தார். ஒரு சபையை விட்டுவிட்டு இன்னொரு சபையில் மூப்பராகிவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஜேம்ஸ் ஜாய்ஸுக்கு 1915-ல் பண உதவி கிடைக்கத் துணை நின்றவர், 1924-ல் ‘யுலிஸிஸ்’ ஒன்றுக்கும் உதவாதது, ஆசிரியர் போலி என்று எழுதினார். நாவலே பாவம் என்ற வீட்டிலிருந்து தப்பி வந்தவர்!

நம் நாட்டுக்கு அவர் செய்ததையும் மறக்கக்கூடாது. வங்காளத்துத் தோரு தத்தின் கவிதையை 1876-ல் இங்கிலாந்தில் பாராட்டி எழுதியவர் அவர். அவள் இறந்த பிறகு வந்த தொகுதிக்கு 1882-ல் முன்னுரையும் கொடுத்தார். சரோஜினி நாயுடு சிறு பெண்ணாக இங்கிலாந்துக்குப் படிக்கப் போனபோது, ஆங்கிலேயப் பறவைகளையும் ஆங்கிலேய நிலக்காட்சிகளையும் விட்டுவிட்டு உன் நாட்டைப் பற்றி எழுது என்றார். நல்ல யோசனைதான். ஆனால் வளையல்காரர்களும் பல்லக்குகளுமாக நிறைந்துபோன அந்தக் கவிதைகளைப் பார்க்கும்போது, அந்த யோசனை கொஞ்சம் கட்டளையாகவும் ஆகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். தானே தன் உள்ளத்தை உருவாக்கிக்கொள்ளும் உரிமைக்காகத் தகப்பனைப் பிரிந்த மனிதர், இன்னொரு பெண் எதைப் பாடவேண்டும் என்று அவ்வளவு நிச்சயமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

பொழுதுபோக்காக இந்த நூலின் இரண்டு பகுதிகளை நான் தமிழில் செய்து பார்த்தேன். தோல்பெட்டி சுலபமாக வந்துவிட்டது. தகப்பனாரின் கடைசிக் கடிதத்தில்தான் திணறிப்போனேன். நம் பேச்சுத் தமிழில் எழுதினால் வெறும் கோபக்கார அப்பா ஆகிவிடுகிறார். பழைய வேதாகமத் தமிழில் எழுதினால் கம்பீரம் வருகிறது. ஆனால் மகனுக்கு வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று கவலைப்படக்கூடிய மனிதர் காணாமல் போய்விடுகிறார். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நாலாவது பிரதி மேஜைமேல் இருக்கிறது. அதையும் அந்த வாசகருக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.