ஒருவேளை உணவும் ஒரு நூலும்

ஆசிரியன்பால் வாசகன் கொள்ளும் அன்பு பெரும்பாலும் ஒருதலை அன்பாகவே நின்றுவிடும். படித்தவர் உருகுவார், எழுதியவரோ அதனை அறியார். அறிந்த இடத்தும் நன்றி கூறி அமைவதே வழக்கம். கடலூர் மாவட்டத்துக் கருங்குழி என்னும் சிற்றூரிலிருந்து 1860ஆம் ஆண்டையொட்டிச் சென்னைக்குச் சென்ற சில கடிதங்களை அண்மையில் மீண்டும் படித்தோம். அவ்வழக்கத்தினின்றும் வேறான ஓர் உறவு அவற்றில் பதிவாகியிருக்கக் கண்டோம்.

கடிதங்களை எழுதியவர் இராமலிங்க அடிகள். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்தவர். சென்னையில் வளர்ந்து, பின்னர் அந்நகரை நீங்கிச் சிதம்பரம் பக்கம் வந்து, கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கியிருந்தார். பெற்றவரோ சென்னை அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார். அடிகளின் பாடல்கள் அக்காலத்தில் அச்சேறவில்லை. அன்பர்கள் ஆளுக்குச் சில ஏடுகளாக வைத்திருந்தனர். அவற்றை அச்சில் காணும் ஆவல் முதலியாருக்கு. பாடியவருக்கோ அதில் நாட்டமில்லை. கேட்டுக் கேட்டும் பாடல்கள் வந்து சேராமற்போகவே, அவை கைக்கு எட்டும்வரை நாள் ஒன்றுக்கு ஒருவேளையே உண்பதென முதலியார் விரதம் பூண்டார்.

இத்தகைய பிடிவாதத்தைக் கண்டால் எழுத்தாளர் சினம் கொள்வதுண்டு. சிலர் உள்ளூர மகிழ்வதும் உண்டு. அடிகளிடம் இரண்டும் இல்லை. அவர் கலங்கிப்போனார். விரதத்தை விட்டுவிட வேண்டும், பாடல்களை அனுப்பிவைக்கிறோம் என்று எழுதினார். அக்கடிதத்தில் நம்மைக் கவர்வது இசைவன்று. இசைவுக்கு முன் வரும் பதற்றமே. பாட்டைப் பற்றிய பேச்சு அங்கே இரண்டாமிடந்தான். எங்கோ ஒரு மனிதர் தம் பொருட்டு அரைவயிறு உண்கிறார் என்ற செய்தி அவரால் தாங்க முடியாததாக இருந்திருக்கிறது.

கடிதங்களின் நடையையும் சொல்லவேண்டும். பாடல்களில் ஓடும் தெளிதமிழை எதிர்பார்த்துப் புகுவோர் சற்றே ஏமாறுவர். வடசொல் மிகுந்த, அக்காலத்துக் கணக்கர் எழுதும் கடித நடை அது. உடல்நலம் பேணுங்கள் என்பது போன்ற குடும்பப் பேச்சு நிறைய. ஆயினும் அக்கடிதங்களை ஆ. பாலகிருஷ்ண பிள்ளை தேடித் திரட்டிப் பதிப்பித்திராவிடில், பாடல்களின் பின்னிருந்த மனிதரை நாம் பாதியே அறிந்திருப்போம்.

இசைந்தவர் எல்லாவற்றுக்கும் இசைந்துவிடவில்லை. இராமலிங்கசாமி என்று தம் பெயரை அச்சிடுதல் தமக்குச் சம்மதமன்று, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று எழுதிவிட்டார். அன்பர்கள் அப்பெயரை விட்டனர். ஆனால் அதனினும் பெரிய பெயரைக் கொண்டுவந்தனர்! 1867இல் நூல் வெளிவந்தபோது, திருவருட்பிரகாச வள்ளலார் என்ற பட்டத்தைத் தொழுவூர் வேலாயுத முதலியார் சூட்டினார். பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்தவரும், திருவருட்பா என்று பெயரிட்டவரும் அவரே. முதல் நான்கு திருமுறைகளே அப்போது வந்தன. ஐந்தாவது 1880இலும், ஆறாவது 1885இலும், அதாவது அடிகள் மறைந்த பின்னரே, அச்சேறின.

நூல் வெளிவந்த அதே 1867ஆம் ஆண்டு மே மாதத்தில் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அங்கு அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஒருவர் ஒருவேளை உணவைத் துறந்ததற்கு வருந்திய உள்ளத்தையும், பசித்தோர்க்கெல்லாம் சோறிட்ட உள்ளத்தையும் நம்மால் பிரித்துப் பார்க்க இயலவில்லை.

இரக்கத்துக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. திருமுறை என்னும் பெயர் சைவர்க்குத் தேவார திருவாசகங்களுக்கே உரியது. சிதம்பரத்தில் வித்தியாசாலை நிறுவிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், இப்பாடல்களை அருட்பா என்றலே தகாது எனக் கண்டித்தார். பூசல் முற்றி, 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. அடிகள் உள்ளே வர நாவலரே எழுந்து நின்றார் என்றொரு கதை வழங்குகிறது. கேட்க இனிதாயினும் அதனை நாம் சான்றாகக் கொள்ளவில்லை. நாவலரைக் குறைகூறுவதும் நம் நோக்கமன்று. தம் மரபைக் காக்க எழுந்தவர் அவர். நாம் காண்பது இதுவே: அச்சு வேண்டாமென்றிருந்தவர், பட்டம் வேண்டாமென்றவர், அன்பர் இட்ட பெயர்களுக்காக வழக்குமன்றம் ஏற நேர்ந்தது. அன்பு மிகுந்த வாசகர் கேட்டுப் பெறுவதோடு நில்லாமல் கூட்டியும் விடுகிறார். அதன் சுமை ஆசிரியர் தலையில் விழுகிறது. இரத்தின முதலியார்பால் நமக்குள்ள மதிப்புக் குறையவில்லை. அவர் பசித்திராவிடில் அந்நூல் அன்று வந்திருக்குமா என்பதே ஐயம். ஆனால் வேலாயுத முதலியார் ஒரு முறை கேட்டுவிட்டுப் பெயரிட்டிருக்கலாம்.

அருட்பா மருட்பாப் பூசல் அத்துடன் ஓயவில்லை. அடுத்த தலைமுறையில் அது மீண்டும் மூண்டபோது அருட்பாவின் பக்கம் நின்று மேடைதோறும் வாதாடியவர் நம்மவர், கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். சீறாப்புராணத்துக்கு உரை கண்ட அதே புலவர்தாம். சைவர் இருசாராராய்ப் பிரிந்து நின்ற வழக்கில் ஒரு முஸ்லிம் புலவர் புகுந்து பேசியதற்குப் பாட்டின்பால் கொண்ட காதலன்றி வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை. கருங்குழியிலிருந்து அவருக்குக் கடிதம் எதுவும் வந்திருக்க முடியாது. 1874 சனவரியில் அடிகள் மறைந்து, ஆறு திங்கள் கழித்தே பாவலர் பிறந்தார்.