சக்கரத்தை விட்டு நடந்த மண்

1954ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் டோக்கியோ நகரில் ஃபோர்ம் என்னும் கலைக்கூடத்தில் ஒரு சிறு கண்காட்சி நடந்தது. தம் படைப்புகளை அங்கே வைத்தவர் கியோட்டோ நகரத்தைச் சேர்ந்த யாகி கஸுவோ. அப்போது அவருக்கு வயது 36. தந்தையும் மட்கலம் வனைபவரே. கிண்ணமும் குவளையும் பூச்சாடியும் வனையும் குடும்பத்தில் வளர்ந்த ஒருவர், எதற்கும் பயன்படாத ஒரு பொருளைச் சுட்டுக் கொண்டுவந்து, கூசாமல் காட்சிக்கு வைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'திருவாளர் சாம்சாவின் உலா'.

அது எப்படியிருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உயரம் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர். நீங்கள் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் அடிக்கோலின் நீளம்கூட இல்லை. ஒரு வளையம், வண்டிச் சக்கரத்தை நிமிர்த்தி வைத்ததுபோல் செங்குத்தாக நிற்கிறது. அதன் மேல் ஆங்காங்கே சிறு குழாய்கள் வாயைத் திறந்தபடி கிளம்பியிருக்கின்றன. அடியிலும் அதே மாதிரிக் குட்டைக் குழாய்கள்; அவைதாம் கால்கள். பளபளப்பில்லாத மண் நிறப் பூச்சு. இதில் பூ வைக்க முடியாது. தண்ணீர் ஊற்றினால் நிற்காது.

"ஐயா, இது எதற்கு?" என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. "கலை என்றால் அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்பது ஒன்று. "எல்லாம் ஏமாற்று வேலை" என்பது மற்றொன்று. இரண்டுமே சோம்பேறிகளின் பதில்கள் என்பது என் கருத்து. ஒரு சுடுமண் சிற்பத்தின் முன் நிற்கும்போது, அழகா அழகில்லையா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்பு, இந்த மண் எந்தெந்தச் சோதனைகளைக் கடந்து இங்கே வந்து நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பௌதிகம் படிப்பவர்களுக்கு இது கைவந்த கேள்வி. யாகியின் வளையத்தை நானும் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஆயினும் அந்தக் கேள்வியைப் படத்தை வைத்துக்கொண்டே பெரும்பாலும் கேட்டுவிடலாம்.

சக்கரத்திலிருந்து தொடங்குவோம். சுழலும் களிமண்ணின் மீது விரலை ஓரிடத்தில் அசையாமல் வைத்தால், அச்சிலிருந்து விரல் எவ்வளவு தொலைவோ அவ்வளவு ஆரமுள்ள வட்டம் விழுகிறது. விரலை மேலே நகர்த்தினால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுச் சுவராகின்றன. ஆகவே சக்கரம் தரக்கூடியதெல்லாம் ஒரே வகை உருவந்தான்: அச்சைச் சுற்றிச் சமச்சீரான உருவம். பானை, கிண்ணம், குழாய், கூம்பு, வளையம் எல்லாம் அந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். அவற்றின் அச்சு செங்குத்தானது. வாய் மேலே, அடி கீழே. புவியீர்ப்பும் அதே அச்சின் வழியே இழுப்பதால் பானை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி எடையைத் தாங்கி, அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறது.

புதுமைச் சிற்பிகள் சக்கரத்தை உதறிவிட்டுக் கையால் ஏதோ பிசைந்து வைத்தார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். யாகி அப்படிச் செய்யவில்லை. தம் வளையத்தையும் குழாய்களையும் அவர் சக்கரத்தில்தான் வனைந்தார். வனைந்தவற்றைச் சீவி, வெட்டி, ஒட்டினார். பிறகு வளையத்தைத் தொண்ணூறு பாகை திருப்பி நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்த புரட்சி! ஆனால் அந்தத் தொண்ணூறு பாகையில் எல்லாமே மாறிவிடுகிறது. அச்சு படுத்துவிட்டது, புவியீர்ப்பு அதற்குக் குறுக்கே இழுக்கிறது. வளையத்தின் உச்சி கீழே இறங்கப் பார்க்கிறது. பக்கங்கள் வெளியே பிதுங்கப் பார்க்கின்றன. ஈரமான களிமண்ணில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு, வட்டம் எவ்வளவு விரைவில் முட்டை வடிவமாகும் என்பது தெரியும்.

ஈரம் போனால் தொல்லை தீர்ந்தது என்றும் எண்ணவேண்டாம். கடினச் சுடுமண் 1200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சுடப்படுகிறது. அந்தச் சூட்டில் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி, உருகாத துகள்களை ஒட்டுகிறது. அதனால்தான் ஆறியபின் கல்லைப்போல் இறுகுகிறது. ஆனால் சூளைக்குள் இருக்கும் அந்தச் சில மணி நேரம் அது மீண்டும் சற்று இளகிய பொருள். தன் எடைக்கே தளரக்கூடியது. வளையத்தின் சுவர்க் கனத்தை மாற்றாமல் ஆரத்தை மட்டும் இருமடங்காக்கினால், தன் எடையால் அதில் தோன்றும் வளைவுத் தகைவு நான்கு மடங்காகும். கனத்தையும் இருமடங்காக்கினால்கூடத் தகைவு இருமடங்குக்குக் குறையாது. சாம்சா சிறியதாயிற்றே என்று குறைசொல்பவர்களுக்கு இது என் பதில். படத்தில் அது கோபுரம்போல் தெரிகிறது. நேரில் இரு கைகளால் தூக்கிவிடலாம். அந்த அளவில்தான் சுவர் மெல்லியதாகவும் வளையம் வளையமாகவும் இருக்க முடிகிறது. நான்கு அடி உயரத்துக்கு இதைச் செய்திருந்தால் சுவரைக் கனமாக்கவேண்டும்; ஊர்ந்து போகும் அந்த இலேசான தோற்றம் போயே போய்விடும்.

இனி ஒட்டுக்கு வருவோம். சக்கரத்தில் வைக்கும் களிமண்ணில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு நீர். உலரும்போது நீர் வெளியேற, துகள்கள் நெருங்க, மண் சுருங்குகிறது. சூளையில் மறுபடியும் சுருங்குகிறது. மொத்தத்தில் சுமார் 12 சதவீதம் சுருங்கும் மண் என்று வைத்துக்கொண்டால், 27 சென்டிமீட்டராக முடிந்த உருவம் ஈரத்தில் ஏறக்குறைய 31 சென்டிமீட்டர் இருந்திருக்கவேண்டும். வளையம் சற்று உலர்ந்து, குழாய் ஈரமாக இருக்கும் நிலையில் ஒட்டினால் என்னாகும்? குழாய் அதிகமாகச் சுருங்கும், வளையம் குறைவாகச் சுருங்கும். ஒட்டிய இடத்தில் விரிசல்தான். இத்தனை குழாய்களையும் வளையத்தோடு ஒரே பக்குவத்தில் வைத்து ஒட்டி, ஒரே சீராக உலர்த்துவது பரம்பரைத் தொழிலாளியின் கைக்குத்தான் வரும். படத்தில் குழாய்கள் அலட்சியமாகச் செருகியவைபோல் தோன்றுகின்றன. அந்த அலட்சியத்தின் விலை எனக்குத் தெரியும் என்பதால் அதை மிகவும் ரசிக்கிறேன்.

குழாய்களின் வாய் திறந்திருப்பதும் வெறும் அலங்காரமாக எனக்குத் தோன்றவில்லை. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1600 மடங்கு பருமனாகிறது. ஈரம் மிச்சமிருக்கும் சுவர் வெடித்துச் சிதறும். மூடிய உருண்டையைச் சுடுபவர்கள் ஊசித் துளையாவது விடுவார்கள். நம் ஊர் ஐயனார் குதிரைகளின் உடம்பிலும் துளைகளைப் பார்த்திருப்பீர்கள். சூடு ஏறி 450 டிகிரியைத் தாண்டும்போது, களிமண் மூலக்கூறுக்குள்ளேயே பிணைந்திருந்த நீரும் பிரிந்து வெளியேறுகிறது. தூய வெண்களியாயின் அதன் எடையில் ஏறக்குறைய 14 சதவீதம் இப்படிப் போகிறது. பானைக்கு வாய் இருப்பது நாம் ஊற்றுவதற்கும் எடுப்பதற்கும். யாகியின் குழாய்களுக்கு வாய் இருப்பது மண் மூச்சுவிட.

எனக்கு மிகவும் பிடித்தது கால்களின் கதை. சூளையில் மட்டும் 6 சதவீதம் சுருங்கும் ஒரு பொருளின் இரண்டு கால்கள் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். சுட்டு முடிக்கும்போது அந்த இடைவெளி 9 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். அதாவது கால்கள் தட்டின்மேல் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தாகவேண்டும். உராய்வு அவற்றைப் பிடித்து நிறுத்தினால், கால் முறியும் அல்லது உடம்பு கோணும். இதற்காகத்தான் காலடியில் மணல் தூவுவார்கள். கால் வைத்த எந்தச் சுடுமண் உருவமும் இருட்டில், யாரும் பார்க்காத நெருப்புக்குள், மெல்ல நடந்துதான் வெளியே வருகிறது! 'உலா' என்று பெயரிட்டபோது யாகி இதை நினைத்தாரோ இல்லையோ, அந்தப் பெயர் அவருடைய பொருளுக்கு இப்படியும் பொருந்திவிடுகிறது.

ஆனால் 'சாம்சா' என்ற பெயர் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஃபிரான்ஸ் காஃப்கா எழுதி 1915இல் வெளிவந்த 'உருமாற்றம்' என்ற கதையில், கிரெகோர் சாம்சா என்ற விற்பனையாளன் ஒரு காலையில் பூச்சியாக மாறிக் கிடக்கிறான். கதையை அறிந்தவர்கள் உடனே குழாய்களைப் பூச்சியின் கால்களாக எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். பிறகு வளையத்தைப் பார்ப்பதில்லை. பெயர் பார்வையை மறைக்கிறது. நல்ல பொருளுக்கு இவ்வளவு கெட்டிக்காரப் பெயர் தேவையில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: உருமாறியபின்னும் சாம்சாவுக்குள் பழைய சாம்சா இருப்பதுபோல, இந்த வளையத்துக்குள்ளும் சக்கரமும் பானையும் இருக்கின்றன. அந்த அளவில் பெயர் நியாயமே.

யாகி தனியாக இந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. போர் முடிந்து மூன்றாண்டுகளில், 1948இல், அவரும் சுஸுகி ஒசாமு, யமடா ஹிகாரு முதலிய நண்பர்களும் கியோட்டோவில் 'சோதெய்ஷா' என்ற குழுவைத் தொடங்கினர். 1998 வரை ஐம்பது ஆண்டுகள் அது நடந்தது. பெயரின் பின்னே நமக்கு வேண்டிய பௌதிகம் இருக்கிறது. சீனத்தில் சுங் அரச மரபின் காலத்தில் புகழ்பெற்ற சூன் வகைக் கலங்களில், நீலப் பூச்சின் ஊடே நெளிநெளியாகக் கோடுகள் தெரியும். சேற்றில் மண்புழு ஊர்ந்த தடம் என்று சீனர் அதை அழைத்தனர். குழுவின் பெயர் அதிலிருந்து வந்தது. கனமாகப் பூசிய பூச்சு உலரும்போது வெடிக்கிறது. சூளையில் உருகும்போது வெடிப்பை நிரப்பிக்கொண்டு ஓடுகிறது. அந்தத் தழும்புதான் புழுத்தடம். அதாவது, குறை என்று தள்ளக்கூடிய ஒன்றை அழகென்று ஏற்றுக்கொண்ட பெயர்.

அந்தக் கலங்களின் நீலமும் விசித்திரமானது. உருகிய பூச்சு ஆறும்போது எண்ணெயும் நீரும்போல் இருவகைக் கண்ணாடிகளாகப் பிரிந்து, ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளிகள் உள்ளே உறைந்துவிடுகின்றன. அவை நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. இத்தகைய சிதறல் அலைநீளத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதால், 400 நானோமீட்டர் ஒளி 700 நானோமீட்டர் ஒளியைவிட ஒன்பது மடங்குக்கும் மேல் சிதறுகிறது. வானம் நீலமாவதும் இந்த விதியால்தான். இத்தகைய வண்ணங்களுக்கு வாரிசான ஒருவர், பளபளப்பற்ற மண் நிறத்தைத் தேர்ந்தெடுத்தாரே, அதில் ஒரு துறவு இருக்கிறது. பூச்சு பேசத் தொடங்கினால் உருவத்தின் குரல் கேட்காது என்று அவர் கருதியிருக்கவேண்டும். 1950களின் பிற்பகுதியில் அவர் பூச்சையே விட்டுவிட்டுக் கருஞ்சுடுமண்ணுக்குப் போனார். குறைந்த சூட்டில், புகையில் மூட்டம்போட்டு, கரித்துகளை மண்ணின் நுண்துளைகளில் ஏற்றும் முறை அது. நம் கறுப்புச் சட்டிகளின் நிறமும் இதே வேதியியல்தான். அந்தக் கறுப்பு உருவங்கள் சாம்சாவைவிட அமைதியானவை. ஆனால் சாம்சாவின் துணிச்சல் அவற்றில் எனக்குக் கிடைக்கவில்லை.

சிற்பி இசாமு நொகுச்சியும் ஜப்பானிய மண்ணில் வேலை செய்து, 1952இல் காமகுரா அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார். அவர் கல்லிலும் உலோகத்திலும் பழகி, வெளியிலிருந்து மண்ணிடம் வந்தவர். மண் அவருக்குப் பல ஊடகங்களில் ஒன்று. யாகிக்கு அது பரம்பரைத் தொழில். வெளியிலிருந்து வருபவர் எதையும் இழக்காமல் சோதனை செய்யலாம். உள்ளே இருப்பவர் வாயையும் அடியையும் பயனையும் துறக்கும்போது, தம் பிழைப்பையே பணயம் வைக்கிறார்.

பிற்காலத்தில் இத்தகைய படைப்புகளுக்கு 'பொருட்சுடுமண்' என்று சொல்லத்தக்க ஒரு பெயரே ஜப்பானில் வழங்கலாயிற்று. பெயர் வந்ததும் பாணி வந்தது. பயனற்ற எதையாவது சுட்டு வைத்தால் சிற்பம் என்ற எண்ணமும் கூடவே வந்தது. இன்று எந்த ஊரின் சிறு கலைக்கூடத்திலும் குழாய் முளைத்த உருண்டைகளையும் துளையிட்ட கட்டிகளையும் பார்க்கலாம். அவற்றின் முன் நின்று, இதைப் பிளாஸ்டிக்கிலோ சிமெண்டிலோ செய்திருந்தால் ஏதாவது குறைந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். சுருக்கமும் தளர்ச்சியும் ஆவியும் உருவத்தை எங்கும் தொடவில்லை என்றால், அங்கே மண் வெறும் நிரப்புப் பொருள்தான். சாம்சாவைச் சிமெண்டில் வார்த்தால் ஒரு குழாய்த் துண்டுக் கடை விளம்பரம் மிஞ்சும்.

யாகி 1979இல் காலமானார். 1972 சப்போரோ குளிர்கால ஒலிம்பிக் பதக்கத்தின் ஒரு பக்கத்தை வடிவமைத்தவரும் அவரே. இத்தனைக்குப் பிறகும் அவர் தேநீர்க் கிண்ணம் வனைவதை நிறுத்தவில்லை. கண்காட்சிக்கு வளையமும் கடைக்குக் கிண்ணமும் அவர் கையிலிருந்து வந்துகொண்டே இருந்தன.