கல்கி கோச்லின்: நடிப்பும் மொழியும்

கல்கி கோச்லின் (பிறப்பு: 10 சனவரி 1984) பிரெஞ்சுப் பெற்றோருக்குப் புதுச்சேரியில் பிறந்து ஆரோவில்லில் வளர்ந்த நாடக, திரைப்பட நடிகை. ஈபிள் கோபுரத்தை வடிவமைத்த பொறியாளர்களுள் ஒருவரான மொரீசு கோச்லின் இவருடைய முன்னோர். பிரெஞ்சு, ஆங்கிலத்துடன் தமிழும் இவர் சிறுவயதிலேயே பேசிப் பழகிய மொழி. இவரைப் பற்றி எழுதுவோர் ஈபிள் கோபுரத்தை மறப்பதில்லை. தமிழை ஒரு வியப்புச் செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

ஊட்டியில் பள்ளிக் கல்வியும், இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் நாடகக் கல்வியும் முடித்தபின் இவர் மும்பைக்குச் சென்றார். முதல் படம் அனுராக் காசியப் இயக்கிய 'தேவ்.டி' (2009). இந்தி அப்போது இவருக்குச் சரளமாக வராது, படத்துக்காகக் கற்றுக்கொண்டார். சிறந்த துணை நடிகைக்கான பிலிம்பேர் விருது கிடைத்தது. அப்படத்தில் சந்தா என்னும் பாத்திரம் தொலைபேசியில் பல மொழிகளில் பேசும். அவற்றுள் தமிழும் ஒன்று.

தமிழ்த் திரையுலகம் தமிழ் தெரியாத நாயகிகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்துப் பல பத்தாண்டுகளாகப் படம் எடுத்து வருகிறது. தமிழ் பேசத் தெரிந்த இவருக்கோ 2019 இல் 'நேர்கொண்ட பார்வை'யில் ஒரு பாடலில் தோன்றும் வாய்ப்பே தரப்பட்டது. அடுத்த ஆண்டு 'பாவக் கதைகள்' தொகுப்பில் விக்னேஷ் சிவன் இயக்கிய பகுதியில் நாயகியின் வெள்ளைக்காரத் தோழியாக வந்தார். நிறத்தைப் பார்த்தே கொடுத்த வேடம் அது. புதுச்சேரியிலிருந்து தாம்பரம் வழியாகச் சென்னைக்குப் பேருந்தில் மூன்று, நான்கு மணி நேரம்தான். இவர் இலண்டனும் மும்பையும் சுற்றித்தான் கோடம்பாக்கம் வர வேண்டியிருந்தது.

நிறத்தை மறக்கச் செய்யும் நடிப்பு வேண்டுமானால் சோனாலி போஸ் இயக்கிய 'மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா'வைப் பார்க்க வேண்டும். பெருமூளை வாதத்துடன் வாழும் லைலா என்னும் கல்லூரி மாணவி வேடம். இத்தகைய வேடங்களில் நம் நடிகர்கள் பார்ப்போரின் கண்ணீரை முதலில் கேட்பார்கள். கல்கி அதைக் கேட்பதே இல்லை. குழறும் பேச்சு, வளையும் விரல்கள் எல்லாம் சில நிமிடங்களில் பழகிவிடுகின்றன. அதன்பின் ஆசையும் பிடிவாதமும் சில வேளை தன்னலமும் உள்ள ஒரு பெண் மட்டுமே தெரிகிறாள். தாயாக நடித்த ரேவதியுடன் வரும் காட்சிகளில் இருவரும் சண்டையிடுவதும் சமாதானமாவதும் மிக இயல்பு. தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவரையும் தமிழ்த் திரை வளர்த்த ஒருவரையும் தாயும் மகளுமாக நிறுத்த ஓர் இந்திப் படம் தேவைப்பட்டிருக்கிறது. 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் கல்கிக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது வழங்கப்பட்டது.

மேடையில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே தமக்கு வேண்டியதை இவரே எழுதிக்கொள்கிறார். பிரசாந்த் பிரகாசுடன் இணைந்து எழுதிய 'த ஸ்கெலிட்டன் உமன்', 2009 இல் 'தி இந்து' நாளிதழின் மெட்ரோபிளஸ் நாடகாசிரியர் விருதைப் பெற்றது. 2015 இல் 'த லிவிங் ரூம்' நாடகத்தை எழுதி இயக்கினார். மரணம் ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு விருந்தாளிபோல வந்துசேரும் கதை அது. இரண்டும் ஆங்கில நாடகங்கள்.